உப்புக்காற்றில் இசைத்தட்டு: ராமநாதபுரம் கடற்கரையில் தட்டு சேர்க்கத் தொடங்குபவர்களுக்கு

கீழக்கரையில் பழைய வீடு ஒன்றைப் பங்கு பிரித்தால் பரணிலிருந்து ஒரு தகரப்பெட்டி இறங்கும். மேலே கொழும்புப் பீங்கான் கோப்பைகள், நடுவில் யாருடையதோ கல்யாணப் படம், அடியில் பழைய நாளிதழில் சுற்றிய நாலைந்து இசைத்தட்டுகள். ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடிய காலத்தில் வந்தவை சில, மலேயாவிலிருந்து வந்தவை சில. அப்படி ஒரு பெட்டியிலிருந்துதான் என் சேகரிப்பு தொடங்கியது. இப்போது முந்நூறுக்குக் கொஞ்சம் மேல் வைத்திருக்கிறேன். எங்கே வாங்குவது, எப்படிப் பார்ப்பது, எந்த விற்பனையாளரை நம்புவது என்று ஊர்ப் பையன்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைப் பழகிக்கொள்ளுங்கள். பாட்டு வேறு, பதிப்பு வேறு, கையில் இருக்கும் தட்டு வேறு. பாட்டு என்பது பாடியவர், இசையமைத்தவர் சம்பந்தப்பட்டது. பதிப்பு என்பது எந்த நிறுவனம், எந்த ஆண்டு, மோனோவா (ஒரே தடத்தில் ஒலிப்பது) ஸ்டீரியோவா (இடம், வலம் என்று இரண்டு தடத்தில் ஒலிப்பது) என்பது. தட்டு என்பது இத்தனை வருஷமாக யாரோ ஒருவர் வீட்டில் பட்ட பாடு.

என்னிடம் பாடகர் நாகூர் ஈ.எம். ஹனிபாவின் ஈ.பி. (7 அங்குலச் சிறிய தட்டு) ஒன்று இரண்டு பிரதிகளாக இருக்கிறது. அவர் பிறந்தது நம்ம ராமநாதபுரத்தில்தான், 1925இல். ஒரு பிரதி மைக்செட்காரர் ஒருவரிடமிருந்து வந்தது. உச்சக்குரல் எடுக்கும் இடமெல்லாம் கிழிகிறது, 'ஸ', 'ஷ' வருகிற இடங்களில் மணலை அம்மியில் வைத்து அரைப்பது போல ஒரு சத்தம். மற்றது தகரப்பெட்டிப் பிரதி. அதே எண், அதே லேபிள். முள்ளை வைத்ததும் பின்னால் வாசிக்கிறவரின் ஆர்மோனியத் துருத்தி மூச்சு விடுவதுகூடக் கேட்கிறது. முதல் பிரதியை மட்டும் கேட்டிருந்தால் 'மோசமான ஒலிப்பதிவு' என்று எழுதியிருப்பேன். தவறு ஒலிப்பதிவில் இல்லை.

எதைச் சேர்ப்பது

மூன்று அளவுகள் உங்கள் கையில் வரும். 12 அங்குல எல்.பி., நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு பக்கம் 20 நிமிடத்துக்கு மேல் ஓடும். 7 அங்குல ஈ.பி., பெரும்பாலும் 45 சுற்று, சினிமாப் பாட்டு என்றால் பக்கத்துக்கு இரண்டு. அப்புறம் கனமான பழைய 78 சுற்றுத் தட்டு, பெரும்பாலும் 10 அங்குலம், ஒரு பக்கம் மூன்று நிமிடச் சொச்சம். முதல் இரண்டும் வினைல் என்ற பிளாஸ்டிக். 78 அரக்கால் ஆனது, கீழே விழுந்தால் பீங்கான் மாதிரி உடையும். இந்த வேறுபாட்டை மறக்காதீர்கள். கழுவும்போது இது உயிர்நாடி.

தொடக்கத்தில் எல்லாவற்றையும் அள்ள வேண்டாம். ஒரு இழையைப் பிடியுங்கள். இந்தக் கரையில் அதற்குப் பஞ்சமே இல்லை. ஹனிபாவின் பாடல்கள் ஒரு இழை. கர்நாடக சங்கீதம் பிடிக்குமென்றால் ராம்நாட் கிருஷ்ணன். 1960களின் கடைசியில் அமெரிக்காவின் நான்சச் நிறுவனம் தன் எக்ஸ்புளோரர் வரிசையில் அவர் பாடிய எல்.பி.யை வெளியிட்டது. நம் ஊர்ப் பெயரை முன்னால் சுமந்துகொண்டு கடல் கடந்து போன தட்டு அது. பின்னட்டையில் மிருதங்கம் சி.எஸ். முருகபூபதி என்று போட்ட தட்டு எதுவானாலும் நான் எடுத்துவிடுவேன், அவரும் ராமநாதபுரத்துக்காரர். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த வீடு என்றால் சிலோன் பாப் தட்டுகள் இன்னொரு இழை. திருவிழாக்களில் மணிக்கணக்கில் ஓடிய சினிமாக் கதை வசனத் தட்டுகளுக்கும் தனிக் கூட்டம் உண்டு.

பிளேயர்

தட்டை விடப் பிளேயருக்கு முதலில் காசு ஒதுக்குங்கள். பெட்டிபோல் மூடித் திறக்கும் மலிவான பிளேயர்கள் பார்க்க அழகாக இருக்கும். அவற்றில் பலவற்றில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (முள்ளைத் தாங்கி, அதன் அசைவை மின்சாரமாக்கும் பாகம்) இருக்கும், முள் ஐந்து கிராம் அளவுக்குக்கூட அழுத்தும். காந்தத்தால் வேலை செய்யும் நல்ல மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவிலேயே வேலையை முடித்துவிடும். முள் இருக்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் எடையைத் திருகிச் சரிசெய்யும் வசதி, முள்ளை மட்டும் தனியாக மாற்றும் வசதி, இந்த இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். வைர முள் 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். ஆம்பிளிஃபயரில் போனோ என்ற துளை இல்லையென்றால் முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் போனோ பிரீஆம்ப் தனியாக வேண்டும்.

78 போடும் ஆசை இருந்தால், அந்த வேகம் பிளேயரில் இருக்கிறதா என்று கேளுங்கள். புதியவை பலவற்றில் கிடையாது. முள்ளும் வேறு. 78இன் பள்ளம் எல்.பி.யின் பள்ளத்தைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம். எல்.பி. முள்ளை அதில் வைத்தால் அடியில் கிடக்கிற அழுக்கைத்தான் வாசிக்கும்.

நம் பக்கத்துக்கே உரிய ஒரு சிக்கலைச் சொல்ல வேண்டும். வளைகுடாவிலிருந்து சபுராளிகள் (வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவர்கள்) கொண்டுவந்த பழைய பிளேயர்கள் இங்கே நிறைய கிடைக்கின்றன. துபாயில் மின்சாரம் நம்மைப் போலவே 50 ஹெர்ட்ஸ். சவுதியில் 60. சவுதிக்கென்று செய்த ஏசி மோட்டார் பிளேயர் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும், சுருதி ஏறக்குறைய மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். பெண்குரல் ஆண்குரல் போல ஒலித்தால் தட்டைக் குறை சொல்லாதீர்கள், பிளேயரின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 110 வோல்ட் என்று போட்டிருந்தால் செருகவே வேண்டாம். 60 ஹெர்ட்ஸ் மட்டும்தான் பிரச்சினை என்றால், சரியான புல்லி கிடைத்தால் தீர்ந்துவிடும்.

எங்கே தேடுவது

முதலில் மைக்செட் வைத்திருந்த வீடுகள். கேசட் வருவதற்கு முன் கல்யாணம், காதுகுத்து, கந்தூரி, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் தட்டுதான். திருப்புல்லாணி, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று எந்த ஊரில் விசாரித்தாலும் அந்தக் காலத்தில் 'ரேடியோ செட்' கட்டிய ஒரு பெரியவரைக் காட்டுவார்கள். போனவுடன் விலை பேசாதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். எனக்கு நாற்பது தட்டு கொடுத்த அண்ணன் முதல் இரண்டு தடவை எதையும் காட்டவே இல்லை. எந்த ஊரில் எந்தப் பாட்டை எத்தனை தடவை திருப்பிப் போடச் சொல்வார்கள் என்பதையே பேசிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை பெட்டியைத் திறந்துவிட்டு, "தம்பி, இதுல முள்ளு ஏறாத இடமே கெடையாது, பாத்து எடுத்துக்க" என்றார். எந்த விற்பனையாளரும் இதைவிட நேர்மையாகத் தன் சரக்கைப் பற்றிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அடுத்து காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு மாலைக்குள் வீடு திரும்பலாம். அங்கே மட்டுமல்ல, எங்கே போனாலும் பித்தளைப் புனல் வைத்துப் பளபளக்கும் கிராமபோனைக் கண்டு மயங்காதீர்கள். பழைய பாகங்களையும் புதுப் புனலையும் சேர்த்து, எச்.எம்.வி.யின் நாய்ப்படத்தை ஒட்டிச் செய்தவை நாடு முழுக்க விற்பனையில் உள்ளன. அலங்காரத்துக்கு வைக்கலாம். தட்டை அதில் போட்டால் ஒவ்வொரு தடவையும் பள்ளத்தைச் சுரண்டும்.

கையில் எடுத்துப் பார்ப்பது

இந்த ஒன்றில் தேறிவிட்டால் மற்றது எல்லாம் தானே வரும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கவரைத் திறந்ததும் உள்ளே இருப்பது அதே தட்டுதானா என்று லேபிள் எண்ணைப் பாருங்கள். மைக்செட் பெட்டிகளில் கவர் மாறிக் கிடப்பது சாதாரணம். எச்.எம்.வி. எல்.பி.யில் ஈசிஎல்பி என்று தொடங்கினால் மோனோ, ஈசிஎஸ்டி என்று தொடங்கினால் ஸ்டீரியோ. லேபிளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையில் உள்ள வழவழப்பான வட்டத்திலும் ஒரு எண் கீறியிருக்கும். பதிப்பை அடையாளம் காண அதுதான் கைரேகை. இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தட்டின் விளிம்பையும் லேபிளையும் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. வாசலுக்கு வாருங்கள். செல்போன் டார்ச்சைத் தட்டுக்கு நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல தட்டு காக்கை இறகு போல மின்னும். அதிகம் ஓடிய தட்டில் பள்ளங்கள் சாம்பல் பூத்தது போலத் தெரியும், குறிப்பாகப் பாட்டு உரத்து வரும் இடங்களில். கழுவினால் அது போகாது, அங்கே பள்ளத்தின் சுவரே தேய்ந்துவிட்டது. கீறல் இருந்தால் நகத்தால் மெதுவாக, குறுக்கே தடவிப் பாருங்கள். நகம் தட்டினால் முள்ளும் தட்டும். தட்டவில்லையென்றால் பெரும்பாலும் கேட்காது.

அப்புறம் நடுத்துளை. அதைச் சுற்றி லேபிளில் மயிர்க்கோடுகள் நிறைய இருந்தால், கண் தெரியாமல் துளையைத் தேடித் தேடி மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நள்ளிரவில், பந்தலுக்குள், அவசரத்தில் ஓடிய தட்டு. லேபிளில் பெயின்ட்டில் மைக்செட்காரர் பெயர் எழுதியிருப்பதும் இதையே சொல்லும். ஆனால் நான் அந்தப் பெயரை அழிப்பதே இல்லை. அது தட்டின் ஊர்ச் சரித்திரம்.

கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பார்த்தால் வளைவு தெரியும். கொஞ்சம் அலை இருந்தால் முள் சமாளிக்கும், கிண்ணம் போலக் குழிந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

78 தட்டுக்குப் பரீட்சை வேறு. சந்தையில் பானை வாங்கும்போது அம்மா எப்படித் தட்டிப் பார்ப்பார்கள்? அதேதான். நடுத்துளையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, விளிம்பில் விரல்முட்டியால் லேசாகத் தட்டுங்கள். 'ணங்' என்றால் முழுசு. 'டொப்' என்று செத்த ஓசை வந்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கேயோ ஓடுகிறது.

தூரத்திலிருந்து வாங்கும்போது

பரவலாகப் புழங்கும் தர அளவை, மேலிருந்து கீழாக: மிண்ட், நியர் மிண்ட், விஜி பிளஸ், விஜி (வெரி குட்), குட், புவர். இதில் 'குட்' என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். 'குட்' என்றால் ஓடும், ஆனால் தொடர்ந்து இரைச்சல் இருக்கும் என்று பொருள். தொடங்குபவர்கள் விஜி பிளஸ்ஸுக்குக் கீழே தபாலில் வாங்க வேண்டாம். தட்டுக்கும் கவருக்கும் தனித்தனித் தரம் கேளுங்கள். கண்ணால் பார்த்து மட்டும் தரம் போட்டாரா, ஓட விட்டுக் கேட்டாரா என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் வாங்குவதில்லை.

விலைக்கு டிஸ்காக்ஸ் தளத்தில் அதே எண்ணுள்ள பதிப்பைத் தேடிப் பாருங்கள். இப்போது கேட்கிற விலையைப் பார்க்காதீர்கள், இதுவரை விற்ற விலையைப் பாருங்கள். 'அபூர்வம்' என்று எழுதிய சினிமா எல்.பி. பலவும் ஆயிரக்கணக்கில் அச்சானவை.

பார்சல் பற்றி ஒரே ஒரு நிபந்தனை வையுங்கள். தட்டைக் கவருக்கு வெளியே எடுத்து, இரண்டையும் சேர்த்து, முன்னும் பின்னும் கெட்டி அட்டை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே விட்டால் குலுக்கலில் தட்டு கவரின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். வந்த பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்துவிடுங்கள்.

கழுவுவது

எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் வந்த தட்டைக் கழுவாமல் முள் வைக்கக் கூடாது. நம் ஊரில் இதில் ஒரு பெரிய கண்ணி இருக்கிறது: தண்ணீர். போர் தண்ணீர் உப்பு. முதல் பத்துத் தட்டுகளை நான் அதில்தான் கழுவினேன். காய்ந்தபின் பள்ளமெல்லாம் வெள்ளை பூத்தது, போடும்போது பொரி பொரியும் சத்தம். திரும்ப நல்ல தண்ணீரில் மூன்று தடவை கழுவித்தான் போனது. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை வாங்குங்கள். ஆசிட் இல்லை, வெறும் டிஸ்டில்டு வாட்டர்தான் என்று பாட்டிலைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

வினைலுக்கு நான் சேர்க்கிற கணக்கு: 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், சாயமும் வாசனையும் இல்லாத திரவ சோப்பு இரண்டே சொட்டு. பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ இருக்கக் கூடாது. லேபிளில் சொட்டுப் படாமல், மென்மையான மைக்ரோஃபைபர் துணியால் பள்ளம் போகிற போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தடவை அலசி, சமையலறைத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்திக் காயவிடுங்கள். வெயிலில் வேண்டாம்.

78க்கு இந்தக் கலவை கூடவே கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும், ஒரு துடைப்பில் பள்ளமே மழுங்கிப் போகும். அதற்கு டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் ஒரு துடைப்பு, உடனே உலர்ந்த துணியால் இன்னொன்று. அவ்வளவுதான்.

வைப்பது

புத்தகம்போல் நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். நூறு எல்.பி. ஏறத்தாழ 25 கிலோ இருக்கும், பலமான அலமாரி வேண்டும். கடல் பக்கச் சுவரில் சாய்க்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் வியர்க்கும், கவரில் பூசணம் ஏறிவிடும். மழை தொடங்குமுன் ஒரு நாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, அலமாரியைத் துடைத்து, சிலிகா ஜெல் பைகளை மாற்றிவிடுவேன். அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்குக்கு ஆகாது. கெட்டியான பி.வி.சி. உறையும் வேண்டாம், நாள்பட நாள்பட தட்டில் மங்கல் படியும். பாலித்தீன் உறை போதும். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் சித்திரை வெயிலில் வைத்தாலோ, காரில் மூடி வைத்துவிட்டுப் போனாலோ தட்டு அப்பளம் ஆகிவிடும். உப்புக்காற்று பிளேயரையும் விடாது. ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும், ஒரு பக்கம் மட்டும் கேட்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கான்டாக்ட் கிளீனரால் துடையுங்கள்.

கருத்து எழுதுவது

ஆல்பத்தைப் பற்றி எழுதும்போது முதலில் சொன்ன மூன்றையும் தனித்தனிப் பத்தியாகப் பிரித்து எழுதுங்கள். பாட்டு எப்படி, இந்தப் பதிப்பு எப்படி, என் பிரதி எப்படி. லேபிள் எண், மோனோ ஸ்டீரியோ, எந்தப் பிளேயர், எந்த முள் என்பதைச் சேர்த்தால் படிக்கிறவருக்கு உங்கள் கருத்தை எடைபோட வழி கிடைக்கும். ஒரே தடவை கேட்டுவிட்டு எழுதாதீர்கள். கடைசிப் பாட்டு மட்டும் கரகரத்தால் பதிப்பைத் திட்ட வேண்டாம். உள்வட்டத்தில் சுற்றளவு குறைந்து பள்ளத்தின் நெளிவுகள் நெருங்கி வரும்போது எந்தத் தட்டிலும் கொஞ்சம் கரகரப்பு வரும், முள்ளைச் சரியாகப் பொருத்தாவிட்டால் கூடுதலாக வரும். மறுவெளியீடுகளைப் பற்றி எழுதும்போது பழைய பிரதியோடு ஒப்பிட்டுக் கேட்டீர்களா இல்லையா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

விற்பனையாளரைப் பற்றி எழுதுவது கனமான வேலை. இந்தத் தொழிலில் பலர் தனி ஆளாக, வீட்டு அறையிலிருந்து செய்கிறவர்கள். ஒரு வரி அவர்களுடைய பிழைப்பைத் தொடும். அதற்காகக் குறையை மறைக்கவும் கூடாது, அடுத்து ஒருவர் காசை இழப்பார். அவர் என்ன சொன்னார், என்ன வந்தது, சொன்னபின் என்ன செய்தார், இந்த மூன்றை மட்டும் எழுதுங்கள். உங்களுக்குப் பாட்டுப் பிடிக்காமல் போனது அவர் குற்றமில்லை. கூரியரில் நசுங்கியது அவர் கட்டிய விதத்தாலா, கூரியர்காரர் எறிந்ததாலா என்று அட்டையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். எழுதுமுன் அவரிடம் படத்தோடு சொல்லி இரண்டு நாள் பொறுங்கள்.

மைக்செட் பெரியவர்கள் விற்பனையாளர்களே இல்லை. அவர்கள் பெயர், வீடு, போன் நம்பர் எதையும் பொதுவில் போடாதீர்கள். அடுத்த வாரமே நாலு பேர் வாசலில் வந்து நிற்பார்கள். அவர்களிடம் விலைமதிப்புள்ள தட்டு இருப்பது உங்களுக்குத் தெரிந்தால் அதைச் சொல்லிவிட்டு விலை பேசுங்கள். அந்த நாற்பது தட்டில் ஒன்றை அண்ணன் 100 ரூபாய் என்றார். அது எவ்வளவுக்குப் போகும் என்று சொல்லி அதற்கேற்றதைக் கொடுத்தேன். அதற்குப் பிறகுதான் பக்கத்து ஊர்ப் பெட்டிகள் எனக்குத் திறந்தன.

போன வருஷம் வெளியூர் விற்பனையாளர் ஒருவரிடம் நியர் மிண்ட் என்ற எல்.பி. ஒன்றை வாங்கினேன். முதல் நாள் கோபத்தில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டு, கடைசியில் எழுதியது இது:

"தட்டு நியர் மிண்ட், கவர் விஜி பிளஸ் என்று சொல்லியிருந்தார். கவர் சொன்னபடியே இருந்தது. தட்டின் இரண்டாம் பக்கம், மூன்றாம் பாட்டில் நகம் தட்டும் கீறல், ஒன்பது தடவை டிக் சத்தம். என் கணக்கில் விஜி. ஓட விட்டுக் கேட்காமல் கண்ணால் மட்டும் பார்த்துத் தரம் போட்டதாக ஒப்புக்கொண்டார். பாதிப் பணத்தை மூன்றாம் நாள் திருப்பி அனுப்பினார். பார்சல் கட்டியது மிக நன்றாக இருந்தது. பாட்டும் பதிப்பும் அருமை. இவரிடம் மறுபடி வாங்குவேன், ஓட விட்டுக் கேட்டீர்களா என்று கேட்டுவிட்டு."

இப்போது அவர் பட்டியலில் ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்தில் 'கேட்டுப் பார்த்தது' அல்லது 'கண்ணால் பார்த்தது' என்று போடுகிறார்.